ஈயாக் மொழிக்கு அகராதி இருக்கிறது, பிறகு ஏன் செத்த மொழி என்கிறார்கள்?

மார்ச் 4, காலை (கேள்வி)

இரண்டு வாரத்துக்கு ஒரு மொழி சாகிறது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அலாஸ்காவில் மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008 ஜனவரி 21 அன்று இறந்தார், அன்றோடு ஈயாக் மொழியும் முடிந்தது என்கிறார்கள். ஆனால் அகராதி இருக்கிறது, இலக்கணக் குறிப்பு இருக்கிறது, ஒலிநாடா இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற மொழி எப்படிச் சாகும்? பதிவு செய்தால் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

மார்ச் 4, இரவு

காரணத்தோடுதான் வருகிறேன். முதலில் அந்த இரண்டு வாரக் கணக்கு. உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள். நூறாண்டுக்குள் 3,000 போய்விடும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் ஆண்டுக்கு 30, அதாவது 12 நாளைக்கு ஒன்று. வருங்காலத்தைப் பற்றிய ஓர் ஊகத்தை வகுத்து எடுத்த எண் அது. நடந்து முடிந்த சாவுகளை எண்ணிச் சொன்னதல்ல. ஹவாய் பல்கலைக்கழகம் பங்கெடுத்த அழிநிலை மொழிகளின் பட்டியலில் உண்மையிலேயே எண்ணிப் பார்த்தபோது மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் வந்தது. அதுவே போதுமான அளவுக்குக் கொடுமை. கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, ஜனவரி 21. அது ஒரு பெண்மணி இறந்த நாள். மொழி இறந்த நாள் அதற்கு வெகுகாலம் முன்பு.

மார்ச் 5

ஈயாக் எங்கே பேசப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அலாஸ்காவின் தென் கடற்கரை, காப்பர் ஆற்றின் கழிமுகம், இன்றைய கோர்டோவா ஊரின் சுற்றுவட்டாரம். ஒரு பக்கம் சுகாச் மக்கள், மறுபக்கம் கிழக்கே டிளிங்கிட் மக்கள். கிழக்கே யாக்குடாட் ஊர்ப் பக்கம் இருந்த ஈயாக்குகள் பெண் கொடுத்து, பெண் எடுத்து, வியாபாரம் செய்து, 18, 19ஆம் நூற்றாண்டுகளிலேயே மெல்ல மெல்ல டிளிங்கிட் பேசுகிறவர்களாக மாறிவிட்டார்கள். அதில் வெள்ளைக்காரனுக்குப் பங்கு குறைவு. ஒரு சின்ன மொழியை இன்னொரு பூர்வகுடி மொழி விழுங்கியது. இதை யாரும் செய்தியில் எழுதுவதில்லை, கதைக்குத் தோதாக இல்லை போலும்.

மேற்கே மிச்சமிருந்தவர்களுக்கு அடி 1889ல் விழுந்தது. சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் அந்தக் கரைக்கு வந்தன. ஆற்று மீன் போனது, கூடவே சாராயமும் நோயும் வந்தன. 1906ல் கோர்டோவா நகரம் எழுந்தது. கென்னிகாட் தாமிரச் சுரங்கத்துக்கு அங்கிருந்து போட்ட ரயில் பாதை 1911ல் முடிந்தது. அதற்கு மேல் பள்ளிக்கூடம்: ஆங்கிலம் தவிர வேறு எதுவும் வாயில் வரக்கூடாது. 1918ல் பிறந்த மேரி ஸ்மித் ஜோன்ஸுக்கு 9 பிள்ளைகள். ஒருவர்கூட ஈயாக் கற்கவில்லை. கற்பிக்காதது சோம்பலால் அல்ல. அந்த மொழி வாயில் இருந்தால் பிள்ளைக்கு அவமானம் என்ற நிலைமை.

ஆக, குழந்தையிடம் பேசுவது நின்ற நாளைத்தான் நான் சாவு என்பேன். அப்புறம் எண்பது ஆண்டுகள் நடந்தது பேசுகிறவர்களின் முதுமை.

மார்ச் 5, சிறு சேர்க்கை

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: அலாஸ்கா அரசு ஈயாக்கை ஆட்சிமொழி ஆக்கியது உண்மையா? உண்மை. 2014ல் இயற்றிய சட்டம் 20 பூர்வகுடி மொழிகளை ஆங்கிலத்தோடு சேர்த்து ஆட்சிமொழி என்று அறிவித்தது. பட்டியலில் ஈயாக்கும் உண்டு. கடைசிப் பேச்சாளர் போய் ஆறு ஆண்டு கழித்து! அரசாணைக்கு எப்போதும் நல்ல நேரம் பார்க்கத் தெரியும்.

மார்ச் 7

"எல்லாம் பதிவாகியிருக்கிறது" என்ற வாதத்துக்கு வருகிறேன். எல்லாம் என்றால் எது?

ஈயாக் பதிவு வரலாறு ஒழுங்கற்றது. 1805ல் ருஷ்யர் ரெசானோவ் ஒரு சொற்பட்டியல் எடுத்தார். பிறகு அமெரிக்க மொழியியலாளர்கள் இப்படி ஒரு மொழி இருப்பதையே நெடுங்காலம் கவனிக்கவில்லை.  1933ல் ஃப்ரெடெரிக்கா டி லகுனாவும் டென்மார்க்கின் கை பிர்கெட்-ஸ்மித்தும் போனார்கள், 1938ல் நூல் வந்தது. ஆனால் அவர்கள் மானிடவியலாளர்கள், மொழி அவர்களுக்கு இரண்டாம் பட்சம். 1952ல் மொழியியலாளர் லீ ஃபாங்-குவெய் வந்தார். 1960களில் மொழியியலாளர் மைக்கேல் கிரவுஸ் வந்த பிறகுதான் முழுநேர வேலை. அப்போதே பேசுகிறவர்கள் கைவிரலுக்குள். அகராதி 1970ல் தயாரானது. மிகச் சிறந்த கதைசொல்லியான அன்னா நெல்சன் ஹாரி 1982ல் யாக்குடாட்டில் இறந்தார். 1990களின் தொடக்கத்தில் மேரியின் அக்காவும் போனபின் மேரிக்கு ஈயாக்கில் பேச ஆளே இல்லை.

இதனால் பதிவில் எது விடுபடும் என்று யோசியுங்கள். கதை இருக்கும், சொல் இருக்கும், வினைத்திரிபு இருக்கும். இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சண்டை போடுவது இருக்காது. குழந்தையைக் கொஞ்சுவது இருக்காது. படகில் இருந்து கரைக்குக் கத்துவது, அரைகுறை வாக்கியம், கேலி, திட்டு, "உம்" கொட்டுவது எதுவும் இருக்காது. ஒரே ஆள் மைக் முன்னால் உட்கார்ந்து சொல்லுவதில் பேச்சுவழக்கின் கால்வாசி கிடைத்தாலே பெரிது. பிறகு அந்த மொழியைக் கற்கிறவன் கதை சொல்வான், "கதவைச் சாத்து" என்று இயல்பாகச் சொல்லத் திணறுவான்.

ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்ச் 8

சொற்பட்டியல் மட்டும் எடுத்தால் என்ன கோளாறு வரும்? ஈயாக்குக்கும் அதன் உறவுக் குடும்பமான அதாபாஸ்கன் மொழிகளுக்கும் பொதுவான இரண்டு எடுத்துக்காட்டு.

உடலுறுப்புப் பெயர்கள் தனியாக வராது. என் கை, உன் கை, அவன் கை உண்டு. யாருடையதும் அல்லாத வெறும் "கை" இயல்பாகக் கிடையாது. கேட்கிறவர் தன் கையைக் காட்டி "இது என்ன?" என்பார். எதிரில் இருப்பவர் "உன் கை" என்று பதில் சொல்வார். பட்டியலில் அது "கை" என்று ஏறும். அடுத்த ஆள் தலையைக் காட்டுவார், "உன் தலை". நூறு சொல் சேர்ந்தபின் பார்த்தால் எல்லா உறுப்பும் ஒரே அசையில் தொடங்கும்! பழைய பயணிகளின் பட்டியல்களில் இந்தப் பிழை கொட்டிக்கிடக்கிறது. திருத்தும் வழி எளிது: ஒவ்வொரு உறுப்பையும் மூன்று ஆளுக்கும் கேட்க வேண்டும்.

வினைச்சொல் அதைவிட மோசம். "கொடு", "எடு", "கிடக்கிறது" மாதிரியானவை பொருளின் வடிவத்தைப் பொறுத்து மாறும். அதாபாஸ்கன் குடும்பத்து நவஹோவில் கயிறு கொடுப்பதற்கு ஒரு வேர், குச்சிக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, பாத்திரத்தில் உள்ளதற்கு ஒன்று. "கொடு என்பதற்கு உங்கள் மொழியில் என்ன?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும், மற்றதெல்லாம் போச்சு. அதனால் கள வேலைக்குப் போகிறவர் பையில் கயிறு, கல், குச்சி, துணி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஈர மண் இருக்க வேண்டும். படம் காட்டிக் கேட்பது உதவாது, பொருளைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 8, பிற்பகல்

கள வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டவருக்கு. முதலில் அனுமதி: யார் கேட்கலாம், யார் பதிப்பிக்கலாம், இறந்தவர் குரலை யார் போடலாம் என்பதை எழுத்திலும் ஒலியிலும் வாங்குங்கள். பிறகு 200 அடிப்படைச் சொற்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை, ஒரே சட்டக வாக்கியத்துக்குள் (அந்தச் சொல் மட்டும் மாறும், மற்றது மாறாத வாக்கியம்) வைத்து. சொல்லைத் தனியாகச் சொன்னால் கடைசி முறையில் குரல் தாழ்ந்துவிடும், பட்டியல் படிக்கும் ராகம் வந்துவிடும். பிறகு வினைத்திரிபு. ஆனால் கேள்வி-பதிலிலேயே நேரத்தை எல்லாம் கொட்டாதீர்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் ஆங்கில வாக்கிய வரிசையில்தான் பதில் வரும். நேரத்தில் பாதியாவது தடையில்லாத பேச்சுக்குப் போகட்டும், முடிந்தால் இரண்டு பேரை உட்காரவைத்து நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

கணக்கு தெரிந்து இறங்குங்கள்: ஒரு மணி நேர ஒலியை எழுதியெடுத்து மொழிபெயர்க்கக் குறைந்தது 40 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு உருபையும் பிரித்துப் பொருள் குறித்தால் 100ஐத் தாண்டும். உலகில் பெரும்பாலான ஆவணக்காப்பகங்களில் நாடா மலையாகவும் எழுத்து மடுவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். கடைசிப் பேச்சாளர் உயிரோடு இருக்கும்போதே அவரை வைத்து எழுதியெடுத்தால்தான் "இங்கே என்ன சொன்னீர்கள்?" என்று கேட்க முடியும்.

மார்ச் 9

கைப்பேசியில் பதிந்தால் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போதும், இரண்டு நிபந்தனையோடு: இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்க முடிய வேண்டும், கோப்பு எம்பி3 ஆகச் சுருங்காமல் வேவ் ஆக விழ வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலி அளவைத் தானாக ஏற்றியிறக்கும் வசதியையும் அணையுங்கள். இல்லாவிட்டால் பேச்சின் இடைவெளியில் மின்விசிறிச் சத்தம் ஏறி ஏறி வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண், வாய்க்கு நேராக வேண்டாம், சற்றே ஓரமாக.

இரைச்சல் நீக்கியை ஏன் அணைக்கச் சொல்கிறேன்? ஒரு ஒலியைச் செய்து பாருங்கள். நாக்கு நுனியை "ல" சொல்லும் இடத்தில் வையுங்கள். குரல் எழுப்ப வேண்டாம். காற்றை மட்டும் நாக்கின் பக்கவாட்டில் சீறவிடுங்கள். ஈயாக்கில் இது முழு மெய்யொலி. நீலகிரியின் தோடா மொழியிலும் உண்டு. தமிழ் எழுத்தில் இதற்கு இடமே இல்லை. இயந்திரத்துக்கு இந்தச் சீறல் காற்றடிக்கும் இரைச்சலாகத்தான் தெரியும், வழித்து எறிந்துவிடும். இன்னொன்று: தொண்டையை இறுக மூடிக்கொண்டு "த்", "க்" என்று வெடிக்கவிடும் ஒலிகள். ஈயாக்கில் காற்று சேர்ந்த "த்", சேராத "த்", தொண்டை மூடி வெடிக்கும் "த்" என மூன்றும் தனித்தனி. வெடிப்பைத் தொடர்ந்து வரும் நொடிக்கும் குறைவான மௌனம்தான் அடையாளம். அந்த மௌனத்தை "மேம்படுத்தி" நிரப்பினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

மார்ச் 9, இரவு

தோடா பேச்சு எடுத்ததால் பின்தொடர்ச்சி. தோடர்கள் சுமார் 2,000 பேர். மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் செய்த வேலை இன்றும் அடித்தளம். ஆறு வகை உருட்டு "ர" உள்ள மொழி என்பதால் உலக ஒலியியல் நூல்களில் தோடாவுக்குத் தனி இடம். ஆனால் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் 10,000 பேருக்குக் குறைவானவர் பேசும் மொழிக்குத் தனி வரி கிடையாது. 2011ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. சலித்துச் சேர்த்ததில் 1,369, அதையும் தொகுத்து 121. இந்தச் சல்லடையில் தோடாவும் நீலகிரியின் இன்னொரு சிறு மொழியான கோத்தாவும் "பிற" என்ற பெட்டிக்குள் விழும். எண்ணப்படாத மொழிக்கு ஆசிரியர் பணியிடம் கேட்டுப் போய்ப் பாருங்கள், தெரியும்.

மார்ச் 12

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியென்றால் கிரவுஸ் செய்தது வீணா?" என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. மொழியைக் காப்பாற்றுவதும் மொழியைப் பற்றிய அறிவைக் காப்பாற்றுவதும் இரண்டு வேலை. இரண்டாவதில் ஈயாக் பதிவுக்கு ஈடு சொல்வது கடினம்.

ஓர் உதாரணம், விவரமாகவே சொல்கிறேன். அதாபாஸ்கன் மொழிகளில் சிலவற்றில் ஒரு சொல்லுக்கு உயர்ந்த தொனி இருக்கும், வேறு சிலவற்றில் அதே சொல்லுக்குத் தாழ்ந்த தொனி. சிப்பவையனில் உயரும் இடத்தில் நவஹோவிலும் குவிச்சினிலும் தாழும். எதிரெதிர்! மூலமொழியில் எது இருந்தது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈயாக்கில் தொனியே இல்லை. அந்தச் சொற்களில் உயிரெழுத்துக்குப் பின் தொண்டை இறுக்கம் இருக்கிறது. மூலத்தில் இருந்தது இறுக்கம். அது ஓரிடத்தில் குரலை ஏற்றியது, இன்னோரிடத்தில் இறக்கியது. தொனி பின்னால் முளைத்தது. கிரவுஸ் இதைச் சொல்ல முடிந்தது ஈயாக் கையில் இருந்ததால். ஈயாக் மட்டும் ஒரு பக்கம், நவஹோ முதல் அலாஸ்காவின் ஆட்னா வரை எல்லா அதாபாஸ்கன் மொழிகளும் மறுபக்கம். பக்கத்து ஊர் ஆட்னாவுக்கும் அரிசோனா நவஹோவுக்கும் ஈயாக் ஒரே தூரத்து உறவு.

மேரி இறந்த அடுத்த மாதம், 2008 பிப்ரவரியில், அலாஸ்காவில் கூடிய அரங்கில் மொழியியலாளர் எட்வர்ட் வைதா சைபீரியாவின் யெனிசெய் மொழிகளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். அதிலும் ஈயாக் சான்றுகள். எல்லோரும் ஏற்கவில்லை, சண்டை ஓயவில்லை. யெனிசெய் பக்கத்தில் கெட் மொழி இன்று ஒரு சிலர் வாயில் மட்டும். அதன் உறவான கோட் மொழி 19ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. பின்லாந்தின் காஸ்ட்ரேன் 1840களில் கடைசி ஐந்து பேரிடம் எழுதியெடுத்ததால்தான் ஒப்பிடவே முடிகிறது.

மார்ச் 13

கடைசிப் பேச்சாளர் சொன்னால் அது வேதவாக்கா என்று கேட்டிருந்தார் ஒருவர். இல்லை. இன்றைய குரோஷியக் கடற்கரையில் பேசப்பட்ட டல்மேசியன் மொழிக்குச் சான்று கொடுத்த துவோனே உதைனா 1898ல் ஒரு வெடிவிபத்தில் இறந்தார். மொழியியலாளர் பர்தோலி அவரிடம் கேட்டு எழுதியபோது காது மந்தம், பல் இல்லை, அந்த மொழியைப் பேசிப் பல்லாண்டு ஆகியிருந்தது, கற்றதே பெரியவர்கள் பேசுவதை ஓரமாக நின்று கேட்டு. அந்த மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பல்லில்லா வாய் வழியாக வந்தது. எதிர் உதாரணம், துருக்கியில் 1992ல் இறந்த தெவ்ஃபிக் எசென்ச். உபிக் மொழியை முழுசாக, திருத்தமாக வைத்திருந்தவர். 80க்கும் மேற்பட்ட மெய், இரண்டே இரண்டு உயிர் உள்ள மொழியை அரைகுறையாகத் தெரிந்தவரிடம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மார்ச் 15

மீட்பைப் பற்றி. "செத்தது பிழைக்காது" என்று அடித்துப் பேசுகிறவர்கள் மேங்க்ஸைப் பார்க்கட்டும். அதன் கடைசித் தாய்மொழிப் பேச்சாளர் நெட் மாட்ரெல் 1974ல் இறந்தார். மேன் தீவில் 2001ல் மேங்க்ஸ் வழிப் பள்ளி தொடங்கியது. 2009ல் யுனெஸ்கோ "அழிந்தது" என்று போட, பள்ளிக் குழந்தைகள் கடிதம் எழுத, வகைப்பாட்டை மாற்றினார்கள். அங்கே ஒலிப்பதிவும் இருந்தது, அதைவிட முக்கியமாக மாட்ரெலிடம் நேரில் போய்ப் பேசிக் கற்ற இளைஞர்கள் இருந்தார்கள். சங்கிலி அறவில்லை.

மாசசூசெட்ஸின் வாம்பனோக் பூர்வகுடி மக்களின் மொழி இன்னும் கடினமான கேஸ். ஒலிப்பதிவு எதுவும் இல்லாமல், 1663ல் அச்சான விவிலியத்தையும் அந்த மக்கள் தங்கள் கையால் எழுதிய நிலப் பத்திரங்களையும் வைத்து ஜெசி லிட்டில் டோ பேர்ட் 1990களில் மீட்பைத் தொடங்கினார். பத்திரம் ஏன் உதவியது என்றால், மொழிபெயர்ப்பு விவிலியத்தில் கிடைக்காத அன்றாட வாக்கியம் அதில் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவில் 1990களில் வந்த குரு-சீடர் முறை வேறு வழி: ஒரு முதியவர், ஓர் இளையவர், வாரத்துக்கு 10 முதல் 20 மணி நேரம், மூன்று ஆண்டு, ஆங்கிலம் அறவே கூடாது. சமையல், துணி, கடை, எல்லாம் அந்த மொழியில். எழுத்துகூட வேண்டாம். தோல்வி எங்கே என்றால், முதியவருக்கு உடம்பு முடியாமல் போவது, சீடருக்கு வேலை பார்த்துக்கொண்டே நேரம் கிடைக்காமல் போவது. அதனால்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். ஈயாக்குக்கு இந்தக் கதவு அடைத்துவிட்டது, குரு இல்லை.

ஆனால் ஈயாக்குக்கு வேறொரு விசித்திரம் நடந்தது. பிரான்சின் லெ ஆவ்ர் ஊர்ப் பையன் கியோம் லெதுவே, பதின்வயதில் அலாஸ்காவிலிருந்து பாடப் பொருள்களை வரவழைத்துத் தானாகக் கற்று, 2010ல் அங்கே போய்ச் சேர்ந்தார். கிரவுஸோடு வேலை செய்து, ஈயாக் வழிவந்தவர்களுக்கே பயிற்சி நடத்துகிறார். பதிவு போதும் என்ற கேள்வியாளரின் கட்சிக்கு இவர்தான் ஆகச் சிறந்த சாட்சி. ஒப்புக்கொள்கிறேன், அரைப் புள்ளி தருகிறேன். மீதி அரைப் புள்ளி, ஈயாக்கில் அடம்பிடிக்கும் ஒரு மூன்று வயதுக் குழந்தை வந்தால்.

மார்ச் 16

"மீட்கிற மொழியில் புதுச்சொல் ஆக்கினால் கலப்படம் ஆகாதா?" கம்ப்யூட்டரைக் கணினி என்று சொல்லிக்கொண்டே இதைக் கேட்கிறீர்கள்.

டாஸ்மேனியப் பூர்வகுடிகள் மீட்டெடுத்த பலவா கானி மொழியைப் பாருங்கள். பல மொழிகளின் சிதறிய சொற்பட்டியல்களிலிருந்து ஒன்றாகக் கட்டியது. ஃபானி காக்ரேன் ஸ்மித் 1899லும் 1903லும் மெழுகு உருளையில் பாடிய பாட்டுகள் ஒலிச் சான்று. அங்கே சிக்கல் கலப்படம் அல்ல, உரிமை. வெளியார் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த மக்களின் நிலைப்பாடு. மொழி எல்லோருக்கும் பொது என்று இங்கிருந்து உபதேசம் செய்வது சுலபம். நிலத்தைப் பிடுங்கி, பிள்ளையைப் பிடுங்கி, கடைசியில் சொல்லையும் எடுத்துப் புத்தகம் போட்டார்கள் என்று அவர்கள் பார்க்கிறார்கள். என் சாய்வு அவர்கள் பக்கம்.

மார்ச் 19

பழைய நாடா கையில் இருக்கிறது என்று எழுதியவருக்கு அவசரமாக: இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள்! முதலில் எந்த வகை என்று பாருங்கள். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவினால் அசிடேட், வினிகர் நெடியும் அடிக்கலாம். அதைச் சூடாக்கவே கூடாது. 1970, 80களின் பாலியெஸ்டர் நாடா ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்திருந்தால் 50 முதல் 55 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வாட்டி, ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் படியெடுக்க வேண்டும். வீட்டு அடுப்பில் வேண்டாம், வெப்பம் நிலையாக நிற்காது. பிசுபிசுப்போடு ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து இயந்திரத்தின் படிக்கும் தலையில் ஒட்டும், அந்த இடத்தில் குரல் போனது போனதுதான்.

எழுதியெடுத்த கோப்புகள் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கட்டுரையை இன்று திறந்தால் என்ன தெரியுமோ அதுதான், 1990களில் தனி எழுத்துரு செய்து தட்டிய பல அகராதிகளின் கதி. ஒலிக்குறிகள் எல்லாம் டாலரும் சதவீதக் குறியுமாக நிற்கும். எழுத்துரு கோப்பும் கூடவே இருந்தால் யூனிகோடுக்கு மாற்றலாம். இல்லையென்றால் பழைய அச்சுப் பிரதியோடு ஒவ்வொரு குறியாக ஒப்பிட வேண்டியதுதான்.

மார்ச் 19, மறுபடி

மேலே விட்டுப்போனது. படியெடுத்தபின் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் மொழி, தேதி, பேசியவரின் குறியெண். "புதியது_கடைசி_இதுதான்கடைசி" என்று வைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த வேலைக்கு வர வேண்டாம்.